முட்டையார் வீட்டு நாற்காலிகள்

ஜூன் 8

என் மருமகள் வாலுவுக்கு,

மாமா எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். கழுத்துவலி மட்டும் வாடகை கொடுக்காமல் கூடவே குடியிருக்கிறது. உன் ஆடுகிற பல் விழுந்ததா, இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறதா?

லீவு முடிந்து நீ ரயில் ஏறியதிலிருந்து என் அறை வெறிச்சென்று கிடக்கிறது. நீ சிந்திய நீல மையை மேசையிலிருந்து இன்னும் துடைக்கவில்லை. துடைக்க மனசு வரவில்லை என்று எழுதினால் நம்புவாயா? சோம்பல் என்று உன் அம்மா சொல்வாள். இரண்டும் உண்மைதான்.

ஊருக்குப் போகிற அன்று காலையில் நீ வீட்டுப்பாடம் போட்டுக்கொண்டே என்னிடம் ஒன்று கேட்டாயே, நினைவிருக்கிறதா? "பக்கத்து எண்கிட்ட கடன் வாங்கிக் கழிக்கணும்னு டீச்சர் சொல்றாங்க. பக்கத்துல பூஜ்ஜியம்தான் இருக்கு. அதுகிட்டயே ஒண்ணும் இல்ல. அதுகிட்டப் போய் எப்படி மாமா கேக்கறது?" நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். ரயில் கிளம்பும்வரை பேசவே இல்லை.

அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சோப்பு உறைக்கும் மற்றவர்கள் எழுதிய பாடப் புத்தகங்களுக்கும் படம் போட்டே எனக்கு முடி நரைத்துவிட்டது. என் பெயர் போட்டு ஒரு புத்தகம்கூட வந்ததில்லை. இப்போது வரப்போகிறது. கணக்கு என்றாலே நடுங்கும் ஒரு பெண்ணைப் பற்றி முழுநீள சித்திரக்கதை. பதிப்பகத்து அம்மா சரி சொல்லிவிட்டார். அதில் எண்களெல்லாம் ஒரே தெருவில் வரிசை வீடுகளில் குடியிருக்கின்றன. நடு வீட்டுக்காரர் பூஜ்ஜியம். அவர் பெயர் முட்டையார்.

முதல் வாசகி நீதான். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று எழுத வேண்டும். மாமாவுக்காகப் பூசி மெழுகக் கூடாது.

உன்
மாமா

ஜூன் 21

அன்புள்ள மாமாவுக்கு,

வாலு எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். பல் விழுந்துவிட்டது. உங்கள் கழுத்துக்கு அம்மா ஒரு தைலம் சொன்னாள், பெயர் மறந்துவிட்டது.

போனில் பேசினால் அம்மா பக்கத்தில் நின்று, மாமாவிடம் இதைச் சொல், அதைச் சொல் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அதனால் கடிதமே நல்லது. படமும் கைக்கு வரும்.

என் நிபந்தனைகள். அந்தப் பெண்ணுக்கு என் மூக்கு வைக்கக் கூடாது. இரட்டைப் பின்னலும் கூடாது. வகுப்பில் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். அவளுக்குக் கணக்கு பீரியட் வந்தால் வயிறு வலிக்க வேண்டும், பொய் வலி இல்லை, நிஜ வலி. எனக்கு அப்படித்தான் வரும். யாரும் நம்புவதில்லை. போன பரீட்சையில் நான் வாங்கியதும் முட்டைதான். அதனால் முட்டையாரை நல்லவராக வரையுங்கள்.

அவர் தெருவில் பூனை உண்டா?

இப்படிக்கு,
உங்கள் வாலு

ஜூலை 15

அடி என் வாலு,

உன் கடிதத்தைச் சுவரில் ஒட்டிவைத்து அதைப் பார்த்தே வரைகிறேன். உடம்பை எப்படி வைத்திருக்கிறாய்? அந்த வயிற்றுவலியை நான் நம்புகிறேன். ஏன் என்று கேட்காதே.

மூக்கு விஷயத்தில் கவலை வேண்டாம், அவளுக்கு என் மூக்கை வைத்துவிட்டேன். நம் வீட்டில் எல்லோருக்கும் ஒரே மூக்குதான் என்பது வேறு விஷயம்.

பென்சிலில் போட்ட பக்கங்களை இத்துடன் அனுப்புகிறேன். கதையைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தெருவில் மொத்தம் 402 நாற்காலிகள். முதல் வீட்டில் நான்கு வண்டி நிற்கிறது, வண்டிக்கு நூறு நாற்காலி. நடு வீடு முட்டையாருடையது. அங்கே பத்துப் பத்தாக அடுக்கி வைப்பது வழக்கம், ஆனால் இப்போது ஒரு அடுக்குகூட இல்லை. கடைசி வீட்டில் உதிரியாக இரண்டே நாற்காலி. ஒரு கூட்டத்துக்கு 178 நாற்காலி கேட்டு வருகிறார்கள். கடைசி வீட்டுக்காரி எட்டு தர வேண்டும். கையில் இருப்பது இரண்டு. முட்டையார் கதவைத் தட்டுகிறாள்.

பாவம் மனிதர், கையை விரிக்கிறார். ஆனால் இல்லை என்று சொல்லி அனுப்பவில்லை. தானே போய் முதல் வீட்டுக் கதவைத் தட்டி ஒரு வண்டி வாங்கி வருகிறார். அதைப் பிரித்தால் பத்து அடுக்கு. ஒன்றைக் கடைசி வீட்டுக்காரிக்குக் கொடுக்கிறார். ஒன்பது மிச்சம். இல்லாதவரிடம் எப்படிக் கேட்பது என்று கேட்டாயே, இப்படித்தான். அவர் உனக்காகப் போய்க் கேட்பார்.

என் பக்கத்து வீட்டுக் கணக்கு டீச்சர் கதையைப் படித்துப் பார்த்து, எல்லாம் சரி என்றார். எனக்கு ஒரே தொல்லை அந்த ஒன்பதுதான். நடுவில் கதவு, கதவில் முட்டையார். இந்தப் பக்கம் ஐந்து அடுக்கு, அந்தப் பக்கம் நான்கு. உன் பல் விழுந்த வாய் மாதிரி படம் கோணுகிறது. வண்ணம் போடும்போது சரிசெய்துகொள்கிறேன்.

பூனை வந்துவிட்டது.

உன்
மாமா

ஜூலை 29

அன்புள்ள மாமாவுக்கு,

நலம்தானே? எனக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது.

பக்கங்களைப் பேருந்தில் படித்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது. அம்மா திட்டினாள், அப்புறம் அவளும் உட்கார்ந்து படித்தாள். மூக்குக்கண்ணாடிக் கடை வேலையில் தினமும் எவ்வளவோ பேர் கண்ணைப் பார்க்கிறேன், இந்த முட்டையார் கண்ணைப் போல ஒரு சாதுவான கண்ணைப் பார்த்ததில்லை என்றாள்.

இன்னொரு விஷயம். வகுப்பில் பூஜ்ஜியம் வந்த கழித்தல் ஒன்று போட்டார்கள். நான் நோட்டு ஓரத்தில் மூன்று வீடு வரைந்தேன். விடை வந்தது மாமா. வயிறு வலிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில்தான் அது எனக்கு நினைவுக்கே வந்தது.

வண்ணம் போட்டது எப்போது வரும்?

இப்படிக்கு,
உங்கள் வாலு

செப்டம்பர் 10

வாலு கண்ணே,

எப்படி இருக்கிறாய்? சளி திரும்பவும் வரவில்லையே? இரண்டு மாதமாக ராப்பகலாக வரைந்ததில் என் கழுத்து ஒரு பக்கம் நிரந்தரமாகத் திரும்பிவிட்டது. ஆனாலும் மனசு பறக்கிறது.

இதோ முழுப் புத்தகமும். அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்கக் கொடுக்கும் பிரதி இது. இதைப் படிக்க உனக்குத்தான் முதல் உரிமை. முப்பத்தொன்பதாம் பக்கத்தைப் பார். முட்டையார் வீட்டு வாசல். அதுதான் நான் வாழ்க்கையில் போட்ட படங்களிலேயே நல்ல படம். பதிப்பகத்து அம்மா அதைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கு அடுத்த பக்கத்தில் நம் பெண் கரும்பலகையில் விடை எழுதுகிறாள், வகுப்பே எழுந்து கை தட்டுகிறது.

படித்த கையோடு எழுது. நீ நன்றாக இருக்கிறது என்று சொன்னால்தான் எனக்கு நன்றாக இருக்கும்.

உன்
மாமா

செப்டம்பர் 28

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

புத்தகம் வந்தது. அட்டை அழகாக இருக்கிறது. பூனை மிகவும் அழகாக இருக்கிறது. அதன் வாலில் கோடு போட்டது நன்றாக இருக்கிறது. எனக்குப் பிடித்தது.

வீட்டுப்பாடம் நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
வாலு

அக்டோபர் 7

வாலு,

உடம்பு சரியில்லையா? உப்புச் சப்பில்லாமல் இப்படி ஒரு கடிதம் நீ எழுதியதே இல்லை. பூனைக்கு மூன்று வரி, முட்டையாருக்கு ஒரு வார்த்தை கிடையாது. வாசகி என்றால் இப்படியா பிடி கொடுக்காமல் எழுதுவது?

முப்பத்தொன்பதாம் பக்கம் புரியவில்லையோ என்று ஒரு சந்தேகம். புரியாவிட்டால் அவசரப்படாமல் திரும்பப் பார். அடுக்குகளை எண்ணு. ஒவ்வொரு கட்டமாகப் போ. எல்லாம் படத்திலேயே இருக்கிறது, தானாகப் பிடிபட்டுவிடும். அடுத்த மாதம் பத்தாம் தேதி அச்சு ஏறுகிறது. அதற்குள் என் முதல் வாசகி ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

பதில் போடு. தபால்காரர் என்னைப் பார்த்தாலே இரண்டு கையையும் விரித்துக் காட்டுகிறார், நம் முட்டையார் மாதிரி.

உன்
மாமா

அக்டோபர் 26

தம்பி,

அக்கா எழுதுகிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? கழுத்துக்கு ஒத்தடம் கொடு. இங்கே வீட்டில் மூன்று பேரும் இருக்கிறோம், ஆனால் வாலு சரியாக இல்லை.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து அவள் பாட்டில் மூடிகளைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு எண்ணுகிறாள், கலைக்கிறாள், மறுபடி எண்ணுகிறாள். என்னடி என்று கேட்டால் சும்மா என்கிறாள். கணக்கு பீரியட் இருக்கிற நாளில் பழையபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். நேற்று தலை வாரிவிடும்போது பொலபொலவென்று அழுதுவிட்டாள். "மாமா எனக்காகவே புக்கு போட்டாரு. அதைப் படிச்சும் எனக்குப் புரியலம்மா. அப்ப நான் நிஜமாவே மக்குதான்" என்றாள்.

நானும் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். படம் அழகாக இருக்கிறது, வேறென்ன பார்ப்பது? கணக்கில் நான் உனக்குக் கொஞ்சம்தான் மேல் என்று உனக்கே தெரியும். கணக்குப் பரீட்சை அன்று மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்த உன்னை நான்தானே காதைப் பிடித்து இழுத்து வந்தேன்? அவளிடம் அதைச் சொன்னதில்லை. நீ சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

உன் புத்தகம் நன்றாக வர வேண்டும் என்று இந்த உலகத்தில் என்னைவிட ஆசைப்படுகிறவர்கள் கிடையாது. ஆனாலும் சொல்கிறேன். இனி அவளுக்கு அந்தப் புத்தகத்தைப் பற்றி எழுதாதே.

அன்புடன்
அக்கா

அக்டோபர் 31

என் தங்கத்துக்கு,

மாமா எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

புத்தகம் கிடக்கட்டும். அது அச்சு ஏறாவிட்டாலும் ஒன்றும் முழுகிவிடாது. நேற்று உன் அம்மாவின் கடிதம் வந்ததும் போன் செய்தேன். நீ வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாய். பரவாயில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த நாற்காலிக் கணக்கில் உனக்கு என்ன விடை வந்தது? என் புத்தகத்தில் இருக்கிற விடை எனக்கு வேண்டாம், உனக்கு வந்த விடை. அதை மட்டும் எழுது. சரியா தப்பா என்று நான் சொல்லப்போவதில்லை. சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. நான் கணக்குப் பரீட்சைக்குப் பயந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்தவன். வேண்டுமானால் அம்மாவைக் கேள், என் காதில் இன்னும் அவள் நகம் பட்ட தழும்பு இருக்கிறது என்று சொல்லி அவளைக் கொஞ்சம் பயமுறுத்து.

என்றும் உன்
மாமா

நவம்பர் 4

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் சுகமா? நான் சுகம் என்று எழுதினால் பொய். கொஞ்சம் சுகம்.

தண்ணீர்த் தொட்டிக் கதையை அம்மாவிடம் கேட்டேன். அவள் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது.

மாமா, எனக்கு வேறு விடை வருகிறது. உங்கள் புத்தகத்தில் 234. எனக்கு 224.

முட்டையார் பத்து அடுக்கு வாங்குகிறார். ஒன்றைக் கடைசி வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிடுகிறார். அப்புறமும் அவர் வாசலில் பத்து அடுக்கு நிற்கிறது. இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து. பென்சிலில் போட்டபோது ஒன்பதுதான் இருந்தது. நான்தான் தப்பாக எண்ணுகிறேனோ என்று மூடிகளை வைத்துப் பார்த்தேன். பிறகு 234ஐயும் 178ஐயும் கூட்டிப் பார்த்தேன். 412 வருகிறது. முதலில் இருந்ததே 402தானே மாமா? பத்து நாற்காலி எங்கிருந்து வந்தது?

முன்பே எழுதியிருப்பேன். அந்தப் பக்கம்தான் நீங்கள் போட்டதிலேயே நல்ல படம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த அம்மா அழுதார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அது தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நம் இரண்டு பேரில் ஒருவர்தான் மக்காக இருக்க வேண்டும் என்றால் நானே இருந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். எனக்குப் பழக்கம்தானே.

நான் எண்ணியது தப்பாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாலு

நவம்பர் 9

என் வாலுவே,

மாமா உயிரோடு இருக்கிறேன். முதல் செய்தி அதுதான்.

உன் கடிதத்தை வாசற்படியில் நின்றே படித்தேன். உள்ளே ஓடி அந்தப் பக்கத்தை எடுத்து எண்ணினேன். பத்து. மறுபடி எண்ணினேன். எத்தனை தடவை எண்ணினாலும் முட்டையார் பத்து அடுக்கோடு ஒன்றும் தெரியாதவர் போலச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அவ்வளவு நல்ல மனிதரைத் திருடனாக்கிவிட்டேன். ஒன்பது கோணலாக இருந்தது, அழகுக்காக ஒன்றைச் சேர்த்தேன். அதோடு விட்டேனா? அந்தப் படத்தைப் பார்த்தே விடையையும் எழுதிவிட்டேன். டீச்சர் பார்த்தது கதையை. பதிப்பகத்து அம்மா பார்த்தது முட்டையாரின் முகத்தை. நாற்காலியை எண்ணிப் பார்த்தது உலகத்திலேயே நீ ஒருத்திதான்.

நான் ஏன் பார்க்கவில்லை தெரியுமா? பயம். கணக்குப் பயத்தைப் போக்க ஒரு புத்தகமே போட்டவன், அதில் வருகிற ஒரே கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறேன். நீ பூனையைப் பற்றி எழுதியபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். "அடுக்குகளை எண்ணு" என்று உனக்கே புத்தி சொன்னேனே, அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அச்சகத்துக்கு ஓடினேன். நாளைக்கு ஏற வேண்டிய புத்தகம். பதிப்பகத்து அம்மாவுக்குப் போன் போட்டேன். அவரும் பக்கத்தைத் திறந்து எண்ணிப் பார்த்தார். பிறகு, "யார் கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். சொன்னேன். "அந்தப் பொண்ணு எண்ணாம இருந்திருந்தா, இதைப் படிச்சிட்டு எத்தனை பிள்ளைங்க தன்னை மக்குன்னு நெனச்சிருக்கும்" என்றார். நிறுத்திவிட்டோம்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். மக்காக இருக்கும் வேலையை நீ எனக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. என் மேல் உனக்கு அவ்வளவு பாசம் என்று தெரிந்து நான் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். ஆனாலும் கூடாது. நான் தப்பு செய்தால் நான் திருத்திக்கொள்வேன். அதற்குத்தான் அழிக்கும் ரப்பர் வைத்திருக்கிறேன்.

கடைசிப் பக்கங்களை மாற்றி வரையப்போகிறேன். கை தட்டல் வேண்டாம். கரும்பலகையில் டீச்சரே 234 என்று எழுதிவிடுகிறார். வகுப்பே அதைப் பார்த்து எழுதுகிறது. நம் பெண் மட்டும் எழுதவில்லை. பாதிக் கையைத் தூக்கி, "எனக்கு வேற விடை வருது" என்கிறாள். அவ்வளவுதான், புத்தகம் முடிந்தது. ஆனால் அந்த வரி உன்னுடையது. நீ சம்மதித்தால்தான் போடுவேன்.

முப்பத்தொன்பதில் ஒன்பது அடுக்குதான். கோணல் தெரியாமல் இருக்க, நான்கு அடுக்கு நிற்கிற பக்கத்தில் கடைசி அடுக்கின் மேல் பூனையை உட்காரவைக்கிறேன்.

எதற்கும் உன்
மாமா

ஜனவரி 30

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? கழுத்து நேராகிவிட்டதா? இங்கே எல்லோரும் நலம். வயிற்றுவலி எப்போதாவது வருகிறது. வந்தாலும் உட்கார்ந்து போடுகிறேன். எல்லாம் சரியாக வருவதில்லை. பாதிக்கு மேல் வருகிறது.

புத்தகம் வந்தது. வரியைப் போட்டதற்கு நன்றி. அம்மா கடைசிப் பக்கத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். பிறகு, மூக்கு நம்முடையதுதான் என்றாள். கடைக்கு எடுத்துப்போய், கண் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் அதைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறாள்.

நான் வகுப்புக்கு எடுத்துப்போனேன். என் பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவள் யாரிடமும் பேச மாட்டாள். அவளுக்கும் பரீட்சையில் முட்டைதான். இரண்டு நாள் புத்தகத்தைத் திருப்பித் தரவே இல்லை. மூன்றாம் நாள் முப்பத்தொன்பதாம் பக்கத்தைத் திறந்து வைத்து, "எனக்கு வேற விடை வருது" என்றாள்.

எனக்குத் திக்கென்றது. ஒன்பது அடுக்கையும் சேர்ந்து எண்ணினோம். சரியாக இருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை மாமா. ஒவ்வொரு அடுக்கிலும் நாற்காலிகளை எண்ணியிருக்கிறாள். எல்லாவற்றிலும் பத்து. பூனை உட்கார்ந்திருக்கிற அடுக்கில் மட்டும் ஒன்பது.

பூனை வயிற்றுக்குக் கீழே ஒரு நாற்காலி இருக்கிறது, மறைந்திருக்கிறது என்று நான் சொல்கிறேன். அப்படியானால் காலாவது தெரிய வேண்டும் என்று அவள் சொல்கிறாள். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்துவிட்டோம். எனக்கும் கால் தெரியவில்லை.

அவளுக்கு உங்கள் முகவரி கொடுத்திருக்கிறேன். நாளைக்கு உங்களுக்கு எழுதப்போகிறாள். பயப்படாதீர்கள் மாமா. அவள் எழுதும்போது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாலு